மனிதர் மெச்சவா, இறைவன் ஏற்கவா? – தத்துவ போதகர் வாழ்வு காட்டும் வழி



யூபிலி என்பது நன்றியின் காலம். கணக்குப் பார்க்கும் காலமுமாகும். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, கைமாறிய நிலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இஸ்ரயேலருக்கு இடப்பட்ட கட்டளை. "இது என்னுடையது" என்ற பிடியைத் தளர்த்தும் ஆண்டே யூபிலி ஆண்டு எனலாம்.

ஆனால் நம் விழாக்குழு கூடியபோது நடந்தது என்ன? பூசை நேரம், கொடி, பவனி, அசனம் எல்லாம் அரைமணி நேரத்தில் முடிவாயிற்று. நினைவுக் கல்லில் யார் பெயரை எந்த வரிசையில் பொறிப்பது என்ற பேச்சு மட்டும் இரவு பத்து மணி வரை நீண்டது. தொகை மிகுதியாகக் கொடுத்தவர் பெயர் முதலிலா? மூத்த குடும்பத்தார் பெயர் முதலிலா? பக்திச் சபைகளின் பெயர் வேண்டாமா? குரல்கள் உயர்ந்தன. அன்றிரவு இருவர் முகங்கொடுத்துப் பேசாமலே வீடு திரும்பினர்.

பிறரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அச்சுக்குப் போகவிருந்த கல்லின் மாதிரித் தாளை நாம் கையில் வாங்கியபோது, முதலில் தேடியது நம் பெயரைத்தான். "பங்குத்தந்தை" என்ற சொல்லுக்குக் கீழே பெயர் சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டு நம் மனம் ஒரு கணம் வாடியது. முப்பது ஆண்டுகளாகப் பீடத்தில் நின்று, வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் போதனையை விளக்கி வந்த நமக்கே இந்த நிலை! அந்த வெட்கத்தோடுதான் இக்கட்டுரையை எழுத அமர்ந்தோம்.

இந்த நோய்க்கு மருந்து தேடி நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. நம் வாலாஜாபாத்திலிருந்து பேருந்தில் சில மணி நேரப் பயணத்தில் அடையும் மயிலாப்பூரில், ஏறக்குறைய 370 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஓலைக் குடிசையில் கண்பார்வை மங்கி உயிர் நீத்த ஒரு துறவியின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். ஐரோப்பாவில் அவர் பெயர் இராபர்ட் தெ நொபிலி. தமிழகத்தில் அவர் தத்துவ போதகர்.

பிரபுவின் மகன்

நொபிலி 1577ஆம் ஆண்டு இத்தாலியில் பெரும் பிரபுக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். திருத்தந்தை மூன்றாம் ஜூலியஸ் அக்குடும்பத்துக்கு உறவு. இன்று நாம் புனிதராக வணங்கும் கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. பட்டமும் பதவியும் வாசலில் வந்து காத்திருந்தன. இளைஞர் நொபிலியோ இயேசு சபைத் துறவியாகி மறைபரப்பு நாட்டுக்குச் செல்ல விரும்பினார். குடும்பத்தார் தடுத்தனர். அவரோ வீட்டை விட்டு நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, சில காலத்துக்குப்பின் அங்கேயே இயேசு சபையில் சேர்ந்தார்.

1605ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் கரையிறங்கினார். முத்துக்குளித்துறையில் சில மாதம் தங்கித் தமிழ் கற்றார். 1606ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையை அடைந்தார். அதே 1606ஆம் ஆண்டில்தான் மயிலாப்பூர் மறைமாவட்டமும் நிறுவப்பட்டது. அந்த மறைமாவட்டத்தின் வழிவந்த சென்னை–மயிலைப் பேராயத்திலிருந்து 2002ஆம் ஆண்டு பிரிந்ததே நம் செங்கற்பட்டு மறைமாவட்டம். ஆகவே நொபிலியின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று; நம் குடும்பக் கதையின் முன்பகுதியே அது.

மதுரையில் அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய குரு 1595 முதல் பணியாற்றி வந்தார். முன்னாள் போர்வீரரான அவர், அங்கு வந்து தங்கிய கடற்கரைக் கிறிஸ்தவர்களைக் கவனித்து, மருத்துவமனையும் பள்ளியும் நடத்தி வந்தார். மதுரைவாசிகள் அவரை மதித்தனர்; ஆனால் அவர் மறையைத் தழுவ ஒருவரும் முன்வரவில்லை. அதில் சேர்ந்தால் "பரங்கிக் குலத்தில்" சேர்ந்துவிட்டதாக ஊர் தள்ளிவைக்கும் என்ற அச்சமே காரணம்.

நொபிலி இதை உணர்ந்தார். காவி உடுத்தார். மரப்பாதுகை அணிந்தார். நாளுக்கு ஒரு வேளை, அதுவும் புலால் நீக்கிய உணவு. சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமண அறிஞரிடம் வடமொழி கற்றார். தமிழைப் பேச்சு வழக்கோடு நிறுத்தாமல், நூலெழுதும் அளவுக்குப் பயின்றார். கற்றவர்கள் அவரைத் தேடி வந்து வாதிட்டனர். சிலர் திருமுழுக்குப் பெற்றனர். "உரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி" என்ற பெயர் நகரெங்கும் பரவியது. புகழ், அதைத் தேடாதவரின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

பழிச்சொல் வந்தபோது

புகழ் வந்த வேகத்திலேயே பழியும் வந்தது. 1610ஆம் ஆண்டில் அந்த முதிய குரு பெர்னாண்டசே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி பிறமதத்தார் வேடம் பூண்டு விட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா? இருவருக்கும் தனித்தனிக் கோவில், தனித்தனிச் சபை என்றால் ஒரே திருச்சபை எங்கே? இவை அப்புகாரின் சாரம். பெர்னாண்டஸ் தீய மனத்தவர் என்று நாம் எண்ண வேண்டாம். தம் வாழ்நாள் உழைப்பு ஒதுக்கப்பட்டது கண்டு நொந்த மனிதர் அவர். அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்றை நாம் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

செய்தி கோவாவுக்கும், அங்கிருந்து உரோமாபுரிக்கும் போயிற்று. போகப் போக வளர்ந்தது. நொபிலி விசுவாசத்தையே கைவிட்டார் என்ற அளவில் இத்தாலியில் பேச்சு எழுந்தது. உறவினரும் அவர் பெரிதும் மதித்தவருமான கர்தினால் பெல்லார்மினே வருந்திக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஊரார் பழிப்பது ஒன்று. தான் மதித்தவர் பழிப்பது வேறொன்று. கடிதம் வர ஓர் ஆண்டு, பதில் போய்ச் சேர ஓர் ஆண்டு என்றிருந்த காலம் அது. அத்தனை காலமும் தம் அன்புக்குரியோர் தம்மை மறுதலித்தவனாக எண்ணிக் கொண்டிருப்பார்கள் என்று அறிந்தே அவர் ஒவ்வொரு நாளும் பூசை வைத்தார்.

அவர் என்ன செய்தார்? இரண்டு எளிய வழிகள் இருந்தன. காவியைக் களைந்து விட்டால் தம் நாட்டார் மெச்சுவர். திருச்சபையின் கட்டுப்பாட்டை உதறிவிட்டுத் தனி மடம் அமைத்தால் மதுரையார் மெச்சுவர். இரண்டையும் அவர் விரும்பவில்லை. தாம் செய்வது சரி என்று தம் மனச்சாட்சி கூறியதை, சான்றுகளோடு விரிவாக எழுதி மேலாளர்களுக்கு அனுப்பினார். அவர்கள் கட்டுப்பாடு விதித்தபோது கீழ்ப்படிந்து காத்திருந்தார். 1619ஆம் ஆண்டு கோவாவில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே பேசினர். அப்போதும் ஓடிவிடவில்லை, தூற்றவும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கடவுளுக்குத் தெரியும், மனிதரைப் பற்றி எனக்குக் கவலையில்லை" என்று சொல்பவர் எல்லாரும் கடவுளின் ஏற்பைத் தேடுகிறவர் அல்லர். பிடிவாதத்துக்கும் அது நல்ல போர்வையாகும். பங்குக் கணக்கைக் கேட்டால், "என் கணக்குக் கடவுளிடம்" என்று கூறும் பொறுப்பாளர் பக்திமான் ஆகமாட்டார். புனித பவுல், மனிதர் தம்மைத் தீர்ப்பிடுவதைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்றார். அதே வேளையில் எருசலேமுக்குச் சென்று மூத்த திருத்தூதர்களிடம் தம் போதனையை எடுத்துரைக்கவும் செய்தார். நொபிலியும் அவ்வாறே. தம் பெயரைக் காக்க அவர் பதில் எழுதவில்லை. தம்மை நம்பித் திருமுழுக்குப் பெற்றவர்கள் தெருவில் நிற்கக் கூடாதே என்பதற்காக எழுதினார். விளக்கம் பெற்ற பெல்லார்மின் மனம் மாறினார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விடுத்த ஆணை மடலில், சில நிபந்தனைகளோடு அவ்வழக்கங்களை அனுமதித்தார். வழக்கு முடிய 13 ஆண்டுகள் ஆயின.

மயிலைக் குடிசை

தீர்ப்பு வந்ததும் அவர் வெற்றிவிழா கொண்டாடினாரா? இல்லை. அதே 1623இல் மதுரையை விட்டு, அறிமுகமில்லாத சேலம், திருச்சிப் பகுதிகளுக்கு நடந்தே புறப்பட்டார். பிற்காலத்தில் சிறைவாசமும் அனுபவித்தார். முதுமையில் பார்வை மங்கியது. மேலாளர்கள் அவரை மதுரையிலிருந்து விலக்கி யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பினர். அங்கும் வசதியான இல்லத்தை நாடாமல், ஊருக்கு வெளியே குடிசையில் தம் பழைய நோன்பு வாழ்வையே தொடர்ந்தார். மதுரையில் அரசவைப் பண்டிதர்கள் நாடி வந்த மனிதரை மயிலையில் நாடி வந்தவர் சிலரே. 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விட்டுச்சென்றவை என்ன? "ஞானோபதேசம்", "ஆத்தும நிர்ணயம்", "தூஷண திக்காரம்" முதலிய தமிழ் உரைநடை நூல்கள். கோவில், பூசை, குரு, அருள் போன்ற சொற்கள் நம் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்ற அவரே வழிவகுத்தார் என்று அறிஞர் கூறுவர். ஞாயிறுதோறும் நாம் "பூசைக்குப் போகிறோம்" என்கிறோம். அச்சொல்லுக்காக ஒருவர் பட்ட பாட்டை நாம் நினைப்பதில்லை. ஓரியூரில் 1693ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய அருளானந்தர் 1947இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தேவசகாயம் பிள்ளை 2022இல் புனிதரானார். அவர்கள் பெயரால் ஆலயங்களும் கொடியேற்றமும் உண்டு. தத்துவ போதகருக்கோ அப்பட்டம் இதுவரை அளிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் அவருடைய நினைவு நாள் வந்து போகிறது. கரும்பு கடிக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

ஊசலாடும் தீர்ப்பு

அவர் இறந்த பின்னராவது மனிதர் தீர்ப்பு நிலைபெற்றதா? புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704ஆம் ஆண்டு அவர் வழி வந்த பழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். 1744ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அத்தடைகளை உறுதிப்படுத்தினார். இங்கு வந்த மறைபரப்பாளர்கள் அதன்படி நடப்பதாக ஆணையிட வேண்டியிருந்தது. அந்த ஆணை 1940ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டிலும் நற்செய்தி வேர்கொள்ள வேண்டும் என்று போதித்தபின், குருமடங்களில் நொபிலி முன்னோடியாகப் போற்றப்பட்டார். நாம் குருமட மாணவராயிருந்த காலத்தில் அவர் பெயரைச் சொல்லாத ஆசிரியர் இல்லை.

இன்று மறுபடி ஒரு கேள்வி எழுந்துள்ளது. அது நியாயமான கேள்வி. சாதி வேறுபாட்டை அவர் சமயத்தைச் சாராத சமூக வழக்கம் என்று கருதி அனுமதித்தார். தாம் பரங்கி அல்லர், உரோமையின் அரச குலத்தவர் என்று ஓலையில் எழுதி அறிவிக்கவும் செய்தார். உயர்குலத்தார் எனப்பட்டோருக்குத் தனிக் கோவில் இருந்தது. 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் பிற மக்களிடையே பணியாற்றினர். மிகுதியான மக்கள் மறையைத் தழுவியது அவர்கள் வழியாகவே. ஆயினும் ஒரே ஆண்டவரின் பந்தியில் இரு வரிசை என்ற காயம் அன்று ஆழமாயிற்று. அக்காயம் தமிழகத் திருச்சபையில் இன்றும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சுவராக நிற்கிறதை மறைப்பதற்கில்லை. முதிய பெர்னாண்டஸ் கேட்ட கேள்வி அதுவே: ஒரே திருச்சபை எங்கே? 1623ஆம் ஆண்டு ஆணை மடலிலேயே திருத்தந்தை கிரகோரியார், குலத்தால் உயர்ந்தவர் என எண்ணுவோர் எளியோரை இகழலாகாது, குறிப்பாக இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் திருவருட்சாதனம் பெறும் இடத்திலும் இகழலாகாது என்று உருக்கமாக வேண்டினார் என்பது கருதத்தக்கது. பூணூலுக்குக் கிடைத்த அனுமதியைப் பலர் நினைவில் வைத்தனர். இந்த வேண்டுகோளை மறந்தனர்.

ஆக, ஒரே மனிதர் தம் காலத்தில் புகழப்பட்டார், பழிக்கப்பட்டார், அனுமதிக்கப்பட்டார். இறந்தபின் தடுக்கப்பட்டார், போற்றப்பட்டார், மீண்டும் கேள்விக்கு உள்ளானார். மனிதர் மெச்சுவதையே அடித்தளமாகக் கொண்டிருந்தால் அவர் எந்தக் கரையில் வீடு கட்டியிருப்பார்? பாலாற்று மணலில் கட்டிய வீடு எத்தனை வெள்ளத்துக்குத் தாங்கும் என்பது நம்மூராருக்குத் தெரியும்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கிறோம். முதலாவது, மனிதர் தீர்ப்பு மாறிக்கொண்டே இருக்கும். உள்ளத்தைக் காணும் தந்தையின் பார்வை ஒன்றே நிலையானது. இரண்டாவது, சற்றுக் கசப்பானது. கடவுளுக்காக என்று தொடங்கும் பணியிலும் மனிதப் பெருமை ஒட்டிக்கொள்ளும். குலப்பெருமையும் மனிதப் புகழ்தான். அதுவும் பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசையே. மதுரையில் தம் அரச குலத்தைச் சொல்லிக் கதவைத் திறந்த நொபிலி, மயிலையில் குலமும் புகழும் பார்வையும் இழந்து இறைவன் முன் வெறுங்கையோடு நின்றார். அந்த வெறுங்கையைத்தான் நாம் அவரிடமிருந்து கற்க வேண்டும்.

நம் ஊரில், நம் நாளில்

நம் பங்கு இளைஞர்களும் இளம்பெண்களும் விடியுமுன்பே சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார்களும் உதிரிப் பாகங்களும் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஒருமுறை நம்மிடம் சொன்னது: "சாமி, நான் முறுக்குற போல்ட்டு வண்டிக்கு உள்ளே போயிடும். வாங்குறவங்க யாரும் அதைப் பார்க்கவே மாட்டாங்க. ஆனா நான் சரியா முறுக்கலேன்னா ரோட்டுல ஒரு குடும்பம் போயிடும்." இதைவிட நல்ல மறையுரை நாம் கேட்டதில்லை. காருக்கு வெளியே மின்னும் பெயரை எல்லாரும் பார்க்கின்றனர். உள்ளே இருக்கும் போல்ட்டுதான் வண்டியைத் தாங்குகிறது.

திருச்சபையும் அவ்வாறே தாங்கப்பட்டு வந்திருக்கிறது. சாமியார் மாதம் ஒருமுறை வந்துபோன நாட்களில் ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களை நினைத்துப் பாருங்கள். மூன்று வேளையும் திரிகால மணி அடித்த கோயில்பிள்ளைகளையும், தம் கூலியில் மிச்சம் பிடித்து எண்ணெய் வாங்கி விளக்கேற்றிய தாய்மார்களையும் நினைத்துப் பாருங்கள். இவர்களுள் எத்தனை பேரின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால், ஞானப்பெற்றோர் என்ற இடத்தில் கைநாட்டு மட்டும் இருப்பதுண்டு. அந்த மைக்கறையே அவர்களுடைய கல்வெட்டு.

இன்றோ ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிய பின்னரே மூட்டை இறங்குகிறது. உபயம் செய்தவர் பெயரைக் குழல்விளக்கில் பெரிதாக எழுதியதால் வெளிச்சம் பாதி குறைந்தது என்று நம் மக்கள் சொல்லும் நகைச்சுவை வெறும் நகைச்சுவை அன்று. நற்செயல் மறைந்தே இருக்க வேண்டும் என்பதும் அன்று. நம் ஒளி மனிதர்முன் ஒளிரட்டும் என்றும் ஆண்டவர் போதித்தார். ஆனால் அதைக் காண்போர் தந்தையை மகிமைப்படுத்த வேண்டும் என்பதே அவர் கூறிய நோக்கம். ஆகவே ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: இதைச் செய்தது நான் என்று ஒருவருக்கும் தெரியாமலே போகும் என்றால், அப்போதும் இதைச் செய்வேனா?

இக்கேள்வியை நாம் விழாக்குழுவின் முன்னும் வைத்தோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், மிகுதியாகக் கொடுத்திருந்த ஒருவரே எழுந்து, "சாமி, என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் சம்மதித்தனர். இறுதியில், பங்குத்தந்தையின் பெயரையும் அடித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், அதை அடிக்கும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்தது.

ஆகவே, யூபிலி நாளன்று திறக்கப்படும் கல்லில் இறைவனுக்கு நன்றி என்ற சொற்களும் ஆண்டும் மட்டுமே இருக்கும். ஈந்தோர், உழைத்தோர் அனைவரின் பெயரும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு, யூபிலித் திருப்பலியின்போது காணிக்கையோடு பீடத்தில் வைக்கப்படும். பத்து ரூபாய் தந்த பாட்டியின் பெயரும் இலட்சம் தந்தவர் பெயரும் அதில் வரிசை இல்லாமலே இருக்கும். கணக்கை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி ஆலய வாசலில் ஒட்டுவோம். ஏனெனில் அது புகழுக்கன்று, உண்மைக்கு. இம்மலரின் முன்பக்கத்தில் நம் படம் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டலாம். அது அச்சாகிவிட்டது, மன்னியுங்கள்.

அன்று முகங்கொடுத்துப் பேசாமல் பிரிந்த இருவரும் இப்போது சேர்ந்து பந்தல்கால் நடுகிறார்கள். யூபிலி அன்றே தொடங்கிவிட்டது என்று நாம் நம்புகிறோம்.

மறைவில் காணும் தந்தை நம் மறைவான உழைப்பை ஏற்றுக்கொள்வாராக. அன்னை மரியாளின் மன்றாட்டால் நம் பங்கு முழுவதும் ஒரே குடும்பமாக, ஒரே பந்தியில் அமர்வதாக. இறையாசீர் உங்கள் அனைவரோடும் என்றும் இருப்பதாக!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பங்குத்தந்தை
வாலாஜாபாத்